‘யானை’ என்று படிக்காதீர்கள்!

கீழே ஒரே ஒரு சொல் அச்சாகியிருக்கிறது. அதைப் பார்க்கலாம், படிக்கக் கூடாது. வெறும் கோடு, வளைவு, சுழி என்று மட்டும் பார்க்க வேண்டும். தயாரா?

யானை

தோற்றுவிட்டீர்களா? எல்லோரும் தோற்பார்கள். கண் பட்டவுடனே மனசுக்குள் ‘யானை’ என்று கேட்டுவிடும். நீங்கள் சானமாவுப் பக்கத்துப் பிள்ளையாக இருந்தால் கூடவே பட்டாசுச் சத்தமும் கேட்டிருக்கும். ஓசூரை அடுத்த சானமாவுக் காட்டுக்கு, கேழ்வரகு முற்றுகிற காலத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காடுகளிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைகள் வருவதும், வனத்துறையினர் ராத்திரியெல்லாம் கண் விழித்துப் பட்டாசு வெடித்து விரட்டுவதும் ஆண்டுதோறும் நடக்கிற சங்கதி.

(தாத்தா காலத்துப் புத்தகம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் ‘னை’ என்ற எழுத்தின் தலையில் தும்பிக்கை மாதிரி ஒரு சுருள் இருக்கும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது அந்தச் சுருள் போய்விட்டது. யானைக்கு இருந்த தும்பிக்கையை எடுத்துவிட்டார்களே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.)

நன்றாகப் படிக்கப் பழகியவர்களால் படிக்காமல் இருக்கவே முடியாது. ஆனால் இந்த வித்தை பிறவியில் வருவதில்லை. பேச்சு தானாக வரும். வீட்டில் நாலு பேர் பேசினால் போதும், குழந்தை பேசிவிடும். எழுத்து அப்படி இல்லை. மனிதர்கள் எழுதத் தொடங்கி ஐயாயிரம் ஆண்டுகளும் கொஞ்சமும்தான் ஆகின்றன. அதற்குள் மூளையில் படிப்பதற்கென்று தனியாக ஓர் இடம் உருவாகிவிட முடியாது. அதனால் ஒவ்வொரு குழந்தையின் மூளையும் வேறு வேலைக்காக இருக்கிற இடத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறது.

அந்த இடம் தலையின் இடப்பக்கம், பின்புறமாக, அடியில் இருக்கிறது. எழுத்தறியாதவர்களுக்கு அது முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண உதவுகிறது. படிக்கப் பழகியவர்களுக்கு எழுத்தைக் கண்டதும் விழித்துக்கொள்கிறது. தமிழ் படித்தாலும் ஆங்கிலம் படித்தாலும் சீனம் படித்தாலும் கிட்டத்தட்ட அதே இடம். பிரான்ஸ் நாட்டு மூளை அறிவியலாளர் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் அதற்கு மூளையின் எழுத்துப்பெட்டி என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்.

படிப்பு மூளையை மாற்றும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் லக்னோவுக்குப் பக்கத்துக் கிராமங்களில், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு ஆறு மாதம் இந்தி எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தார்கள். உங்கள் அம்மா வயதுக்காரர்கள் அவர்கள். கற்பதற்கு முன்பும் பின்பும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கண்ணிலிருந்து வரும் செய்தியை வாங்கி அனுப்புகிற, மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகள்கூட மாறியிருந்தன. மேலே இருக்கும் பார்வைப் பகுதியோடு முன்னைவிட ஒத்திசைந்து வேலை செய்தன. 2017இல் இந்த ஆய்வு வெளியானது.

சானமாவுக் காட்டில் யானை நடந்து நடந்து தடம் விழுகிறதல்லவா, அந்த மாதிரி எழுத்தையும் ஒலியையும் சேர்க்கிற தடமும் மூளைக்குள் நடந்து நடந்துதான் விழ வேண்டும். சிலருக்கு நாலு நடையில் விழுந்துவிடும். சிலருக்கு நானூறு நடை வேண்டும். இந்த நானூறு நடைக்காரர்களின் நிலைக்குத்தான் டிஸ்லெக்ஸியா என்று பெயர். நம் ஊரில் ‘கற்றல் குறைபாடு’ என்று சொல்வதில் இதுவும் ஒன்று. எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து, நூறு பிள்ளைகளில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

இந்தப் பெயரை 1887இல் வைத்தவர் ருடால்ஃப் பெர்லின், ஜெர்மனியைச் சேர்ந்த கண் மருத்துவர். 1896இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். படு சூட்டிகையான பையன். 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னால் சட்டென்று சரியாகப் பெருக்கினான். (நீங்களும் போட்டுப் பாருங்கள், 6,49,383 வர வேண்டும்.) ஆனால் அச்சடித்த சொல்லைக் கண்டால் தவித்தான். தன் பெயரை எழுதச் சொன்னபோது எழுத்தை இடம் மாற்றி ‘ப்ரெசி’ என்று எழுதினான். எல்லாப் பாடத்தையும் வாயாலேயே சொல்லித்தந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்றார் அவனுடைய ஆசிரியர்.

கண் டாக்டர் பெயர் வைத்ததாலோ என்னவோ, கண்ணில்தான் கோளாறு என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். கண்ணாடி மாற்றுகிறார்கள், கலர் கண்ணாடி வாங்குகிறார்கள். கலர் கண்ணாடி டிஸ்லெக்ஸியாவைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரியும் என்பதும் கதைதான். பெரும்பாலோருக்குச் சிக்கல் ஒலியில் இருக்கிறது. இதோ ஒரு விளையாட்டு. ‘பலகை’ என்பதில் முதல் எழுத்தை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள். ‘லகை’. ‘மரம்’ என்பதில் ம போய் க வந்தால்? ‘கரம்’. நீங்கள் நொடியில் சொல்லிவிட்டீர்கள். டிஸ்லெக்ஸியா உள்ள பலருக்கு இது மலையாக இருக்கும். சொல்லை ஒலித்துண்டுகளாக உடைக்க முடியாதபோது, எந்த எழுத்தை எந்தத் துண்டோடு சேர்ப்பது?

இனி ஒரு சொல்லைக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்போம்: கேழ்வரகு.

சானமாவு வட்டாரத்தில் இது தினமும் தட்டில் இருக்கிற பொருள். தமிழ் பேசும் வீட்டில் களி, கன்னட வீட்டில் முத்தே, தெலுங்கு வீட்டில் சங்கட்டி. மூன்று வீட்டிலும் மாவின் பெயர் ராகிதான். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் மட்டும் அது கேழ்வரகு ஆகிவிடுகிறது. சாப்பிட்ட வாய்க்கே அந்நியமாக இருக்கிற சொல்லைப் பிள்ளை படிக்க வேண்டும்.

முதல் எழுத்து ‘கே’. காதில் முதலில் விழுவது ‘க்’, பிறகு ‘ஏ’. கண்ணில் முதலில் விழுவதோ இரட்டைச் சுழிக் கொம்பு. க அதற்குப் பின்னால் நிற்கிறது. ஒலியின் வரிசை ஒன்று, எழுத்தின் வரிசை வேறொன்று. ‘கொம்பு’ என்று எழுதினால் இன்னும் வேடிக்கை: ‘ஒ’ என்ற ஒரே ஒலிக்காகக் க-வின் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. அடுத்து ‘ழ்’. தெலுங்கு பேசும் பிள்ளையின் வீட்டில் அந்த ஒலியே கிடையாது. கன்னடத்தில் பழைய காலத்தில் இருந்தது, பிறகு வழக்கொழிந்துவிட்டது. கடைசியில் ‘கு’. முதலெழுத்தில் அழுத்தமாக ஒலித்த அதே க, இங்கே மெலிந்து ஒலிக்கிறது. கேழ்வரகின் முதல் க-வையும் கடைசிக் கு-வையும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள், தொண்டையில் வித்தியாசம் தெரியும். தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் ஒன்றுதான், எங்கே எப்படி ஒலிக்க வேண்டும் என்பதைப் பிள்ளைதான் கண்டுகொள்ள வேண்டும்.

ஐந்தே எழுத்துச் சொல்லில் இவ்வளவு இருக்கிறது! தமிழில் மொத்தம் 247 எழுத்து. பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர் சோனாலி நாக், கன்னடம் படிக்கும் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கவனித்தவர். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைப் பிள்ளைகள் விரைவில் முடித்துவிடுகிறார்கள், கன்னட எழுத்துகள் முழுதும் கைவர நான்காம் வகுப்புவரைகூட ஆகிறது என்று அவர் காட்டினார். தமிழும் அதே குடும்பத்து எழுத்துமுறைதான். ஆகவே மூன்றாம் வகுப்புப் பிள்ளை தடுமாறினால் உடனே டிஸ்லெக்ஸியா என்று முத்திரை குத்தவும் கூடாது, “வளர்ந்தா சரியாப் போயிடும்” என்று கைகழுவவும் கூடாது.

இப்போது சீனாவுக்கு ஒரு தாவல். அங்கே 247 எல்லாம் எண்ணிக்கையே இல்லை. தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளில் மூவாயிரம் எழுத்துகள் வரை அடையாளம் தெரிய வேண்டும். க், ஏ என்று உடைக்கவும் முடியாது. ஓர் எழுத்து என்றால் ஓர் அசை முழுதாக. ஆனால் உள்ளே வேறு விதமான உடைப்பு இருக்கிறது. ‘யாங்’ என்றால் ஆடு. ஆட்டைக் குறிக்கும் எழுத்தின் இடப்பக்கம் மூன்று சொட்டுத் தண்ணீர் போட்டால்? கடல்! அதையும் ‘யாங்’ என்றே படிக்க வேண்டும். தண்ணீர்ச் சொட்டு பொருளுக்குக் குறிப்பு, ஆடு ஒலிக்குக் குறிப்பு. கடலில் ஆடு எங்கே வந்தது என்று கேட்கக் கூடாது, அது சும்மா ஒலி தருவதற்காக நிற்கிறது. சீன எழுத்துகளில் பெரும்பாலானவை இப்படிப் பொருள்குறியும் ஒலிக்குறியும் சேர்ந்து ஆனவை. ‘மா’ என்பதையோ நான்கு விதமான குரல் ஏற்ற இறக்கத்தில் சொல்லலாம். ஒன்று அம்மா, இன்னொன்று குதிரை. குரலைத் தவறாக இழுத்தால் அம்மாவைக் குதிரை என்று கூப்பிட்டுவிடுவீர்கள்.

சீனப் பிள்ளைகளிடம் டிஸ்லெக்ஸியா எப்படித் தெரிகிறது? ஹாங்காங் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். அங்கே திணறும் பிள்ளைகள் பலருக்கு, எழுத்தின் உருவத்தை நினைவில் நிறுத்துவதும், கண்ணால் கண்டதற்கு மளமளவென்று பெயர் சொல்வதும் கடினமாக இருக்கின்றன. 2004இல் ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் சியோக் வாய் டிங், டான் லி ஹாய் குழுவினர், சீனம் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு மூளையின் இடப்புற முன்பகுதியில் வேறுபாடு தெரிகிறது, ஆங்கிலம் படிக்கத் திணறுபவர்களுக்குச் சொல்லப்படும் இடம் வேறு என்று எழுதினார்கள். 2010இல் வந்த இன்னோர் ஆய்வு, இரு மொழிப் பிள்ளைகளுக்கும் பொதுவான இடங்களும் உண்டு என்று காட்டியது. அறிவியல் இப்படித்தான் முன்னே ஓரடி, பக்கவாட்டில் ஓரடி என்று நடக்கும்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது ஜப்பானில் வளர்ந்த ஒரு பையனின் கதை. பெற்றோர் ஆங்கிலம் பேசுபவர்கள். பையன் ஜப்பானிய மொழியைத் தன் வயதுக்காரர்களைவிட நன்றாகவே படித்தான். ஆங்கிலத்தில் அவனுக்கு டிஸ்லெக்ஸியா! 1999இல் தாயேக்கோ வைடல், பிரையன் பட்டர்வொர்த் இருவரும் இதை எழுதியபோது ஆய்வுலகம் திரும்பிப் பார்த்தது. ஒரே தலை, இரண்டு எழுத்துமுறை. ஒன்று வழிவிட்டது, இன்னொன்று மறித்தது.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. எழுத்துக்கு எழுத்து சுமை வேறு வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்துக்காகச் செய்த கருவியைத் தமிழ்ப் பிள்ளையிடமோ சீனப் பிள்ளையிடமோ அப்படியே கொடுத்தால் பாதி உதவிதான் கிடைக்கும்.

சரி, கருவிகளைப் பார்ப்போம். சென்னையில் 1990களிலிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் இயங்கிவருகிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, திணறும் பிள்ளைகளுக்குத் தனியாகக் கற்பிப்பது எல்லாம் அங்கே நடக்கும். சென்னையில் இன்னொரு பக்கம், ஐஐடியில் படித்த அஜித் நாராயணன், பேச முடியாத பிள்ளைகளுக்காக ‘ஆவாஸ்’ என்ற கருவியை உருவாக்கியிருந்தார். படத்தைத் தொட்டால் கருவி பேசும். இந்த இரண்டு தரப்பும் கைகோத்துச் செய்ததுதான் ‘ஆவாஸ் ரீடர்’ செயலி. ஆங்கிலப் பக்கத்தைப் போட்டோ எடுத்தால் அது செயலிக்குள் பாடமாகிவிடும். படிக்கும்போது ஒரு சொல்லில் முட்டிக்கொண்டால் அதைத் தொடலாம். தொட்டதும் விடையைச் சொல்லிவிடாது! முதலில் குறிப்பு கொடுக்கும்: சொல்லைத் துண்டாக்கிக் காட்டும், அதே மாதிரி ஒலிக்கிற வேறு சொல்லைக் காட்டும், படம் காட்டும். நல்ல ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வாரோ அதைத்தான் அது செய்யப் பார்க்கிறது.

கேழ்வரகுக்கு இப்படி ஒரு குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கே, ழ், வ, ர, கு என்று ஐந்து கட்டம். முதல் கட்டத்தைத் தொட்டால் க முதலில் ஒளிர வேண்டும், பிறகு கொம்பு ஒளிர வேண்டும், ஒலியின் வரிசையில்! ‘ழ்’ கட்டத்தைத் தொட்டால் நாக்கு எப்படி மடிகிறது என்று ஒரு படம். கடைசியாக ஒரு கிண்ணம் ராகி. சீன எழுத்துக்கோ இந்தக் கட்டங்களால் பயனில்லை. அங்கே ஆட்டையும் தண்ணீரையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டி, ‘இது ஒலி, இது பொருள்’ என்று நிறம் மாற்ற வேண்டும். எந்தக் கோட்டை முதலில் இழுப்பது, எதை அடுத்து இழுப்பது என்று ஓடிக் காட்ட வேண்டும். பிள்ளை விரலால் திரையில் அதையே வரைய வேண்டும்.

பின்லாந்தின் யுவாஸ்கூலா பல்கலைக்கழகத்தில் ஹெய்க்கி லூட்டினன் குழுவினர் செய்த ‘கிராஃபோகேம்’ ஒரு விளையாட்டு. காதில் ஓர் ஒலி விழும்; திரையில் எழுத்துகள் மேலிருந்து இறங்கும்; சரியானதைப் பிடிக்க வேண்டும். தவறு கூடினால் விளையாட்டு தானாக எளிதாகும். தோற்றுத் தோற்று வெறுத்துப்போன பிள்ளைக்கு இதுதான் பெரிய மருந்து. பல மொழிகளுக்கு இதை மாற்றியிருக்கிறார்கள். சீனப் பிள்ளைகளுக்குப் ‘பின்யின்’ கற்பிக்கிற வடிவம் உண்டு. பின்யின் என்பது சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதுகிற, 1958இல் அந்நாட்டு அரசு ஏற்ற முறை. இந்தியாவில் அகமதாபாத்தில் ஆங்கிலம் படிக்கத் திணறிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதன் இன்னொரு வடிவத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைப் பிடிப்பதில் அவர்கள் முன்னேறினார்கள் என்று 2018இல் ஆய்வு வெளியானது.

நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் தொட்டுப் பார்த்தது கூகுளின் ‘ரீட் அலாங்’. 2019இல் இந்தியாவில் ‘போலோ’ என்ற பெயரில் இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் வந்தது. பிறகு தமிழுக்கும் வந்தது. 2022 ஜூனில், தன்னார்வலர்கள் பாடம் சொல்லிக்கொடுத்த ‘இல்லம் தேடிக் கல்வி’ மையங்கள் வழியாக மாநிலம் முழுக்க வாசிப்பு மாரத்தான் நடத்தினார்கள். அக்கா ஒருவர் செல்போனை நீட்ட, பிள்ளைகள் வாய்விட்டுப் படித்தார்கள். டிஸ்லெக்ஸியாவுக்கென்று செய்த செயலி இல்லை இது. ஆனால் உள்ளே இருக்கிற சூட்சுமம் நம் கதைக்கு வேண்டியது.

நீங்கள் படிக்கும்போது மைக் உங்கள் குரலை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்குகிறது. அந்த எண்களில் எந்த ஒலி இருக்கக்கூடும் என்று கணினி கணக்குப் போடுகிறது. திரையில் ‘கேழ்வரகு’ என்று இருப்பது அதற்கு முன்பே தெரியும். உங்கள் ஒலி அதற்கு எவ்வளவு பக்கத்தில் வந்தது என்று பார்த்தால் போதும். ஆனால் பெரியவர்களின் குரலை வைத்துப் பழகிய கணினி, பிள்ளைகளின் கீச்சுக்குரலில் அதிகம் தடுமாறும். சானமாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. தெலுங்கு வீட்டுப் பிள்ளை ‘கேள்வரகு’ என்று படித்தால் கணினி தப்பு என்று சிவப்பு காட்டலாமா? என்னைக் கேட்டால் கூடாது. அந்தப் பிள்ளை எழுத்தைச் சரியாகப் படித்துவிட்டது, ஒலி மட்டும்தான் வீட்டு ஒலி. சென்னைக்காரர்கள் பாதிப்பேர் ‘வாளப்பளம்’ என்கிறார்களே, அவர்களுக்குப் படிக்கத் தெரியாது என்றா சொல்கிறோம்?

போட்டோவிலிருந்து எழுத்தைப் படிக்கிற தொழில்நுட்பத்துக்கும் தமிழ் எளிதாகப் பிடிபடவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழுவினர் தமிழுக்காக இதில் நெடுநாள் உழைத்தவர்கள். அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்களைப் பார்வையற்றோருக்கான பிரெயிலாக மாற்றவும் அவர்களுடைய மென்பொருள் உதவியது. ‘ர’ எழுத்தையும் துணைக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் எவ்வளவு சின்ன வித்தியாசம்! புள்ளி கொஞ்சம் மங்கினால் ‘ம்’ ‘ம’ ஆகிவிடும். இதிலெல்லாம் கணினியும் குழம்பும், நாமும் குழம்புவோம்.

செலவே இல்லாத உதவி ஒன்று உண்டு. 2012இல் இத்தாலியிலும் பிரான்சிலும் டிஸ்லெக்ஸியா உள்ள 74 பிள்ளைகளுக்கு, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டி அச்சிட்ட பத்திகளைக் கொடுத்தார்கள். வேறு எந்தப் பயிற்சியும் இல்லை. தவறுகள் சராசரியாகப் பாதியாகின, வேகமும் கூடியது. டிஸ்லெக்ஸியாவுக்கென்றே புது வடிவில் எழுத்துரு செய்து விற்கிறார்கள். அந்த வளைவு நெளிவுகளைவிட இடைவெளிதான் வேலை செய்கிறது என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளைத் தள்ளி வைத்துப் படிக்கலாம். செல்போன் இல்லையா? பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து, நடுவில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு நீளமாக ஜன்னல் வெட்டுங்கள். பக்கத்தின் மேல் வைத்து வரி வரியாக நகர்த்துங்கள். மற்ற வரிகள் வந்து கண்ணை இழுக்காது.

எல்லாக் கருவியும் நல்லதே செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். சீனாவில் பிள்ளைகள் கணினியில் எழுதும்போது ‘யாங்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் போதும். ஆடு, கடல் எல்லாம் வரிசையாகத் திரையில் நிற்கும், வேண்டியதைத் தொடலாம். விரல் கோடு இழுக்க வேண்டிய வேலையே இல்லை. அப்படி அதிகம் தட்டுகிற பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண் குறைவாக இருந்தது என்று 2013இல் டான் லி ஹாய் குழுவினர் எழுதினார்கள். தட்டுவதால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது; ஆனாலும் சீன எழுத்தைக் கை எழுதி எழுதித்தான் கண் பழகுகிறது என்று அதே குழுவினர் 2005லேயே காட்டியிருந்தார்கள். நம் வீட்டிலும் பாருங்கள், மைக்கில் பேசினால் செல்போனே தமிழில் எழுதிவிடுகிறது. அறிவியல் பாடத்தைத் தெரிந்துகொள்ள, செல்போன் படித்துக் காட்டட்டும். பெர்சிக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! வாசிப்புப் பயிற்சி என்று உட்கார்ந்துவிட்டால் முதல் முயற்சி உங்களுடையதாக இருக்க வேண்டும். உடனே விடை சொல்லுகிற செயலியைவிட, கொஞ்சம் காத்திருந்து குறிப்புக் கொடுக்கிற செயலிதான் பயிற்சிக்கு நல்லது.

கடைசியாக, யாருக்கு டிஸ்லெக்ஸியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சானமாவு மாதிரி ஊரில் இது சுலபமில்லை. வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி, பஸ்ஸின் நெற்றியில் கன்னடம், ஓசூர்த் தொழிற்சாலைகளின் வாசலில் ஆங்கிலம். மொழி புதிது என்பதால் தடுமாறுகிற பிள்ளையும் உண்டு. எந்த மொழியானாலும் எழுத்து பிடிபடாமல் தடுமாறுகிற பிள்ளையும் உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இருவரையும் பிரிக்க முடியாது. இதற்காகத்தான் அரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் நந்தினி சாட்டர்ஜி சிங் குழுவினர் ‘டாலி’ என்ற சோதனைத் தொகுப்பை உருவாக்கி 2015இல் வெளியிட்டார்கள். முதலில் வந்தவை இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம். பிள்ளைக்குத் தெரிந்த மொழியிலேயே சோதிக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

உங்கள் வகுப்பில் கணக்கில் புலியாக, கதை சொல்வதில் கில்லாடியாக இருந்தும், புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வாயடைத்துப்போகிற தோழனோ தோழியோ இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம். இந்தப் பக்கத்தை வகுப்பு ஆசிரியரிடமும் வீட்டிலும் காட்டுங்கள். அரசு வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். எங்கே, எப்படிப் போக வேண்டும் என்று தலைமையாசிரியருக்குத் தெரியும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருக்கிறது. அரசுப் பொதுத்தேர்வில் இவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு, தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவரும் உண்டு. அதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வாங்க நாளாகும் என்பதால் பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே கேளுங்கள்.